ஒருவர் வேண்டாம் என்றால் போதும்

கிரிக் பட்டணத்து எண்ணெய் நிலையத்தில் அப்போது மாலை மணி ஆறே கால். மழை விட்டுக் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. மழைக்கோட்டை உதறிக்கொண்டிருந்தேன். தொட்டியை நிரப்பிவிட்டு வந்த கணவர், "இன்னும் நாற்பது கிலோமீட்டர்தான். ஏழே காலுக்கெல்லாம் பண்டிங் போயிடலாம். ஏரிக்கரையில கூடாரம் போட்டா, காலையில கண் திறந்ததும் தண்ணிதான்" என்றார்.

எனக்கும் அதுதான் ஆசை. அந்த ஏரியைப் பார்க்கத்தான் கிள்ளானிலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் பின்னிருக்கையில் உட்கார்ந்து வந்திருந்தேன். ஆனாலும் "வேண்டாம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. "சரிம்மா, அப்போ ரூம் பார்ப்போம்" என்று சாவியைத் திருகினார். அன்றிரவு கிரிக்கில் ஒரு மலிவு விடுதியில், கூடாரத்தைக் குளியலறைக் கதவில் காயப்போட்டுவிட்டுத் தூங்கினோம்.

ஏன் என்று அவர் கேட்காததற்குக் காரணம் உண்டு. எங்கள் வண்டியில் ஒரு விதி இருக்கிறது. இருவரில் ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர் வாதாடக் கூடாது. கேட்க எளிதாக இருக்கும் இந்த விதிக்கு நாங்கள் கொடுத்த விலை என் இடது மணிக்கட்டு.

பேசாத மூன்று கிலோமீட்டர்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாக இருவரும் கூடாரத்தோடு கிளம்பினோம். ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலை. வண்டி 250 சிசி. எனக்குப் பின்னால் ஒரு பெரிய பையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். பாதி மலை ஏறியதும் பனிமூட்டம் இறங்கியது.

அந்தப் பை மெல்ல இடப்பக்கம் சரிவது எனக்குத் தெரிந்தது. ஓட்டுகிறவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. முதுகில் உரசிக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரியும். சொல்லலாமா என்று யோசித்தேன். வளைவான பாதை, அவர் கவனம் சிதறிவிடுமோ என்று ஒரு பயம். தலைக்கவசத்துக்குள்ளிருந்து கத்தினாலும் காதில் விழாது. அடுத்த நிறுத்தத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். இன்னொன்றும் உண்டு. ‘இதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டு வர வேணாம்னு நெனச்சேன்’ என்று அவர் சொல்லிவிடுவாரோ என்ற எண்ணம். அவர் அப்படிச் சொல்லக்கூடியவர் இல்லை. ஆனாலும் அந்த எண்ணம் வந்தது.

பையின் கயிறு பின்சக்கரத்தில் மாட்டியது. மெதுவாகப் போனதால் பிழைத்தோம். அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. எனக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு.

மருத்துவமனையில் வரிசையில் காத்திருந்தபோது கேட்டார். "பை சரியிறது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எவ்வளவு தூரமா?"

"ஒரு மூணு கிலோமீட்டர் இருக்கும்."

அதன்பிறகு அவர் வெகுநேரம் பேசவில்லை. கோபம் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சொன்னார்: "மூணு கிலோமீட்டர் நீ பயந்துட்டே வந்திருக்க. நான் முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு மலையை ரசிச்சுட்டு வந்திருக்கேன்."

விதி அன்று பிறந்தது. கூடவே தட்டுக் கணக்கும். தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக. இரண்டு தட்டு என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துங்கள். தொடர்ந்து தட்டினால் உடனே நிறுத்துங்கள். தலைக்கவசத்தில் பொருத்திப் பேசிக்கொள்ளும் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. பிறகு நாங்களும் ஒன்று வாங்கினோம். ஆனால் பேட்டரி தீர்ந்துபோகும், மழையில் மக்கர் பண்ணும். தோளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

யானைகளின் சாலை

மறுநாள் காலை ஏழரைக்குக் கிரிக்கைவிட்டுக் கிளம்பினோம். பேராக்கின் கிரிக்கையும் கிளந்தானின் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை சுமார் 120 கிலோமீட்டர். 1982-இல் திறக்கப்பட்டது. அதற்குமுன் இங்கிருந்து கிளந்தானுக்குப் போக நாட்டையே சுற்ற வேண்டும். கம்யூனிஸ்டுப் போராளிகள் நடமாடிய காட்டின் நடுவே, ராணுவப் பாதுகாப்போடு போட்ட சாலை இது. ஆரம்ப ஆண்டுகளில் பகலில் மட்டுமே வண்டிகளை விட்டார்கள். 1989 டிசம்பரில் ஹட்யாயில் சமாதான உடன்பாடு கையெழுத்தான பிறகே அந்தப் பயம் முழுதாக விலகியது.

இப்போது இரவில் அங்கே பயப்பட வேண்டியது மனிதர்களுக்கு அல்ல. வடக்கே ரோயல் பெலும், தெற்கே தெமெங்கோர் காடு. சாலை இரண்டையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. யானைகளுக்கு அது காலங்காலமாக நடந்த வழி. நாம்தான் நடுவில் தார் போட்டோம். கிரிக் பக்கத்தில் விலங்குகள் கீழே கடந்துபோகவென்றே ஓர் உயர்பாலம் கட்டியிருக்கிறார்கள். ஆனால் எல்லா யானையும் பாலத்தைத் தேடிப் போய்க் கடக்காது.

2025 மே மாதம், அன்னையர் தினத்தன்று அதிகாலை, இதே சாலையில் ஒரு குட்டி யானை லோரியில் அடிபட்டு இறந்தது பலருக்கு நினைவிருக்கும். லோரிக்கு அடியில் சிக்கிய குட்டியை மீட்கத் தாய் யானை லோரியைத் தலையால் முட்டிக்கொண்டு நின்ற காட்சியைக் கைப்பேசியில் பார்த்த நாளில் நான் சாப்பிடவில்லை. கிரிக்கில் ‘வேண்டாம்’ என்றபோது என் மனதில் ஓடியது அதுதான். லோரிக்காரருக்குச் சுற்றிலும் இரும்பு இருந்தது. எங்களுக்கு மழைக்கோட்டு.

அன்று காலை நாங்கள் யானையைப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு வளைவு தாண்டியதும் எதிரே வந்த லோரி ஓட்டுநர் கையை வெளியே நீட்டி, மெதுவாக, மெதுவாக என்று சைகை காட்டினார். நூறு மீட்டர் தள்ளிச் சாலையின் நடுவே சாணக் குவியல்கள். பனியில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. இருபக்கமும் புல் ஆள் உயரத்துக்கு நசுங்கிக் கிடந்தது. கணவர் வண்டியின் வேகத்தைக் குறைத்து, என் முழங்காலை ஒருமுறை தட்டினார். அந்தத் தட்டுக்கு எங்கள் பட்டியலில் அர்த்தம் எதுவும் இல்லை. எனக்குப் புரிந்தது.

யானை எதிர்ப்பட்டால் செய்ய வேண்டியதை ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம். தூரத்திலேயே நிற்க வேண்டும். ஹாரன் அடிக்கக் கூடாது, விளக்கைச் சிமிட்டக் கூடாது, படம் எடுக்கக் கிட்டே போகக் கூடாது. வண்டியைத் திருப்ப இடம் இருக்கும்போதே திருப்பிவிட வேண்டும். குட்டியோடு வரும் கூட்டம் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

பண்டிங் பாலத்தில் நிறுத்தி ஏரியைப் பார்த்தோம். தெமெங்கோர் அணைக்காக எழுபதுகளில் தேக்கிய தண்ணீர். மூழ்கிய மரங்களின் உச்சிகள் சில இடங்களில் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எங்காங் என்று நாம் பழகிய இருவாச்சிப் பறவையில் மலேசியாவில் பத்து வகை உண்டு; பத்தும் இந்தக் காட்டில் வாழ்கின்றன. இரண்டு பறவைகள் தலைக்கு மேலே கடந்தன. சிறகடிக்கும் ஓசை, பழைய நீராவி ரயில் கிளம்புவதுபோல, பறவை மறைந்த பிறகும் கேட்டது. காருக்குள் இருந்திருந்தால் அது எங்களுக்குக் கேட்டிருக்காது.

அங்கிருந்து சாலை ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறித் தித்திவங்சா மலைத்தொடரைக் கடக்கிறது. ஓய்விடத்தில் சூடாகத் தே தாரே. கைகள் விறைத்துப் போயிருந்தன. "ராத்திரி வந்திருந்தா இதெல்லாம் பார்த்திருக்க முடியாது" என்றார். அதை என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரா, தன்னையா என்று தெரியவில்லை.

வராத வெள்ளம்

அன்று மாலை ஜெலி வட்டாரத்தில் ஓர் ஆற்றங்கரையைக் கண்டுபிடித்தோம். வாடகை முகாம் இல்லை. கம்பத்துக்குப் பின்னால் ரப்பர்க் காட்டையொட்டி ஓடும் ஆறு.

காட்டு முகாம் என்றதும் கண்ட இடத்தில் கூடாரம் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் உரிமையாளர் இல்லாத மண் கிடையாது. நிரந்தர வனக்காப்பகம் என்றால் 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி மாநில வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். மற்ற இடம் என்றால் யாரோ ஒருவருடைய தோட்டம், வயல், கம்பத்து நிலம். கேட்டால் பெரும்பாலும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். நாங்கள் சாப்பிட்ட கடையில் விசாரித்தோம். கடைக்கார மாக்சிக் தன் அண்ணனைக் கைப்பேசியில் அழைத்தார், நிலம் அவருடையது. "குப்பையை விட்டுட்டுப் போகாதீங்க" என்ற ஒரே நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

ஆற்றோரம் பாய் விரித்ததுபோல மணல் திட்டு. கூடாரத்துக்கென்றே செய்து வைத்ததுபோல இருந்தது. இருபது நிமிடத்தில் கூடாரம் எழுந்துவிட்டது. ஆணிகள் இறங்கிவிட்டன, மெத்தை விரித்தாயிற்று, அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் மேற்கே மலைக்கு மேல் வானம் கறுத்திருப்பதைப் பார்த்தேன். எங்கள் தலைக்கு மேலே வானம் வெளுத்துத்தான் இருந்தது.

மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். தண்ணீரின் தலை. மலை உச்சியில் கொட்டும் மழை, சருகும் கிளையும் அடைத்து நின்று, பிறகு ஒரே மூச்சில் உடைத்துக்கொண்டு கீழே பாயும். கீழே இருப்பவருக்கு ஒரு துளி மழைகூட விழுந்திருக்காது. தண்ணீர் திடீரென்று கலங்குவது, இலையும் குச்சியும் மிதந்து வருவது, ஆற்றின் இரைச்சல் மாறுவது, இவைதான் அறிகுறிகள். இருட்டில், கூடாரத்துக்குள், தூக்கத்தில் இதில் எது தெரியும்?

"மேல மாத்திடுவோம்" என்றேன்.

இந்த முறை அவர் முகம் மாறியது. பகல் முழுதும் ஓட்டிய களைப்பு. மேலே என்றால் மூன்று ஆள் உயரத்துக்கு வழுக்கும் கரை ஏற வேண்டும். அங்கே ரப்பர் மரங்கள், சரிவான தரை, கொசு. வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். ஒன்றும் பேசாமல் ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். தேவைக்கு மேல் கொஞ்சம் பலமாகவே பிடுங்கினார்.

நான்கு முறை ஏறி இறங்கிச் சாமான்களை மேலே கொண்டுபோனோம். மேலே போனதும் இன்னொன்றையும் பார்த்தேன்: பின்னால் இருந்த மண்மேடு. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங்காலி முகாமில் மண்சரிவில் 31 பேர் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் அவை. அந்த நாளுக்குப் பிறகு ஆற்றை மட்டும் பார்த்தால் போதாது, தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்று நாம் எல்லாரும் கற்றுக்கொண்டோம். மேட்டைவிட்டுத் தள்ளி, கம்பத்துப் பக்கமாகக் கூடாரத்தை இன்னொரு முறை நகர்த்தினோம். இருட்டிவிட்டது. மேகியும் சார்டினும் சாப்பிட்டோம். பேச்சு அதிகமில்லை. இரவு முழுதும் சரிவில் உருண்டு அவர் என்மேல் வந்து விழுந்துகொண்டே இருந்தார்.

நள்ளிரவில் மலைப்பக்கம் இடி கேட்டது. நான் விழித்துக்கொண்டு ஆற்றின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் முதல் வேலையாகக் கரைக்கு ஓடினேன். வெள்ளம் வரவில்லை. மணல் திட்டு அப்படியே இருந்தது. ஆற்றில் ஓர் அங்குலம்கூட ஏறவில்லை. எங்கள் கூடாரம் பதிந்த சதுரம், ஆணி குத்திய ஓட்டைகள், என் செருப்புத் தடம், எதுவும் அழியவில்லை.

பின்னால் அவர் வந்து நின்றார். அந்த ஓட்டைகளைப் பார்த்தார். எனக்கு முகம் சூடேறியது. வெள்ளம் வந்திருந்தால் நான் கெட்டிக்காரி. வராததால் வீணாக ஒரு மனிதரின் தூக்கத்தைக் கெடுத்தவள்.

"ஆணி குத்தின ஓட்டைகூட அப்படியே இருக்கு" என்றார். அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. "காப்பி போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு மேலே ஏறினார்.

விதியின் கடினமான பகுதி இதுதான் என்று எனக்கு அன்று புரிந்தது. வேண்டாம் என்று சொன்னவரின் பயம் பொய்த்துப் போகும் காலை ஒன்று வரும். அன்று மற்றவர் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்துத்தான், அடுத்த முறை இவர் வாயைத் திறப்பாரா மாட்டாரா என்பது இருக்கிறது.

கடலைப் பார்த்த வாசல்

மூன்றாம் நாள் கிளந்தான் வயல்களைக் கடந்து திரங்கானுவின் பெனாரிக் கடற்கரையை அடைந்தோம். மெர்டேக்காவுக்கு முந்தைய நாள். வழியெங்கும் கம்பத்து வீடுகளில் ஜாலூர் கெமிலாங் பறந்துகொண்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் எங்கள் பெட்டிகளைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

பெனாரிக்கில் கடலையொட்டி நீண்ட சவுக்குத் தோப்பு. அருகில் இருந்த பலகாரக் கடைக்காரர், "எங்க வேணும்னாலும் போட்டுக்கோங்க. ஆனா நெருப்பு மூட்டாதீங்க, விளக்கைக் கடல் பக்கம் அடிக்காதீங்க" என்றார். ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் காலம் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை. வெளிச்சத்தைக் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். இதே கடற்கரையோரம் தெற்கே ரந்தாவ் அபாங்கில் 1950-களில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கரையேறிய தோல்முதுகு ஆமைகள் இன்று ஏறக்குறைய வருவதே இல்லை. திரங்கானு மாநிலம் 2022-இலிருந்து எல்லா ஆமை முட்டை விற்பனைக்கும் தடை போட்டுவிட்டது. முன்பு சந்தையில் கோழிமுட்டைபோல அடுக்கி விற்றதை எங்கள் பெற்றோர் பார்த்திருக்கிறார்கள்.

கூடாரத்தைத் தோப்புக்கு வெளியே, கடலைப் பார்த்தாற்போலப் போடலாம் என்று நான் சொன்னேன். அவர் ஒரு கணம் மரங்களைத் திரும்பிப் பார்த்தார். "சரி" என்றார். அந்த ஒரு கணத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் அருமையாக இருந்தது. கடைக்காரர் வீட்டுக் குளியலறையில் இரண்டு வெள்ளி கொடுத்து நல்ல தண்ணீரில் குளித்தோம். கடைசி வெளிச்சம் போகும்வரை காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். ஊரில் இருக்கும்போது பேச நேரமில்லாத விஷயங்களை எல்லாம் பேசினோம். வீட்டுக் கடன், அவர் வேலை மாறலாமா, குழந்தை.

இரவு இரண்டு மணிக்குக் காற்று கிளம்பியது. மேல் துணி படபடவென்று அடித்தது. மணலில் ஆணி நிற்கவில்லை. விடியும்வரை அவர் ஒரு கம்பத்தையும் நான் ஒரு கம்பத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் இடையிடையே கண்ணயர்ந்தேன். அவர் தூங்கவில்லை.

கெமாமானில் ஒரு ‘முடியல’

அன்று ஞாயிற்றுக்கிழமை. எப்படியும் வீடு போய்ச் சேர வேண்டும். அப்பாவுக்கு அறுபது வயது நிறைவு. இரவு ஏழு மணிக்குக் கிள்ளானில் குடும்பத்தோடு விருந்து. பெனாரிக்கிலிருந்து கிள்ளான் 500 கிலோமீட்டருக்கு மேல். ஏழு மணிக்கே கிளம்பிவிட்டதால் மாலை ஐந்துக்குள் போய்விடலாம் என்பது கணக்கு.

மாராங், டுங்குன், கெர்த்தே. வலப்பக்கம் தென்னை, இடப்பக்கம் கடல். பதினொரு மணி வாக்கில் கெமாமான் பட்டணத்துக்குள் நுழைந்ததும் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே சொன்னார்: "என்னால முடியலம்மா. ரெண்டு தடவ கண்ணு சொக்கிடுச்சு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அப்பாவுக்கு ஒரே அறுபது. ‘ஒரு காப்பி குடிச்சிட்டுப் போலாமே’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. ஜெலியில் அவர் வாயைத் திறந்து மூடியது நினைவுக்கு வந்தது. நானும் மூடிக்கொண்டேன்.

என்னிடமும் பி2 உரிமம் இருக்கிறது. 250 சிசி ஓட்டலாம். ஆனால் பின்னால் ஓர் ஆளும் மூன்று பெட்டிகளும் ஏற்றிய வண்டியை நெடுஞ்சாலையில் நான் ஓட்டிப் பழகவில்லை. பழகாததை அன்று காராக் மலைப்பாதையில் தொடங்க முடியாது.

விடுதி அறையில் படுக்கப் போகும்முன் அவராகவே சொன்னார். "நேத்து மரத்துக்குப் பின்னாடி போட்டிருந்தா காத்து அடிச்சிருக்காது. அப்பவே தோணுச்சு."

"ஏன் சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்தே. முந்தின நாள் முகம் வாடிப்போயிருந்துச்சு."

மணிக்கட்டு உடைந்த நாளில் நான் சொன்ன பதிலும் ஏறக்குறைய இதுதான். விதியை நாங்கள் எனக்காகப் போட்டோம் என்றுதான் இருவருமே நினைத்திருந்தோம். பின்னால் உட்கார்ந்திருப்பவள்தானே பயப்படுவாள், அவளுக்குத்தானே பேச அனுமதி வேண்டும் என்று. முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கும் வாய் திறப்பது அவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவர் தூங்கிய பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா வருத்தப்பட்டார். "இதுக்குத்தான் கார்ல போங்கன்னு சொன்னேன்" என்றார். அப்பா போனை வாங்கினார். அப்பா முப்பது ஆண்டுகள் லோரி ஓட்டியவர்.

"தூக்கம்னு சொல்லி அவரா நிறுத்தினாரா?"

"ஆமாப்பா."

"நல்ல பையன். தூங்கட்டும். என்கூட ஓட்டினவங்கள்ல, இன்னும் கொஞ்ச தூரந்தான்னு போனவங்க சில பேர் வீட்டுக்கு வரல. நாளைக்கு வாங்க. கேக்கை எடுத்து வைக்கச் சொல்றேன்."

மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தோம். கேக்கில் ஒரு மூலை மட்டும் மிஞ்சியிருந்தது. குடும்பப் படத்தில் நாங்கள் இல்லை. வரவேற்பறையில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சற்று வலிக்கத்தான் செய்கிறது.

கிளம்ப நினைக்கும் தம்பதியருக்கு

எடை: வண்டி தாங்கக்கூடிய மொத்த எடை அதன் கையேட்டில் இருக்கும். அதில் ஓட்டுநர், பின்னால் இருப்பவர், பெட்டிகள் எல்லாம் அடக்கம். எங்கள் முகாம் சாமான்கள் மொத்தமும் 20 கிலோவுக்குள். கனமானவற்றைக் கீழேயும் முன்னேயும் வையுங்கள். பின்பெட்டியில் துணிமணி போதும். பாரம் ஏற்றும்போது டயர் காற்றழுத்தத்தையும் கையேட்டில் சொன்னபடி கூட்டுங்கள். கட்டிய பையை முதல் பத்துக் கிலோமீட்டரில் நிறுத்தி ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

காலம்: கிழக்குக் கரைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேண்டாம், பருவமழையும் வெள்ளமும் இருக்கும். மற்ற மாதங்களிலும் மலைப்பக்கம் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான். ஆகவே காலையில் ஓட்டி, நான்கு மணிக்குள் இடம் பிடித்துவிடுவது நல்லது. கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையைப் பகலில் மட்டும் கடங்கள். கிரிக்கிலோ ஜெலியிலோ தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கு வழி நெடுகத் தொடர்பு கிடைக்காது. எங்கே, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள்.

இடம்: நிலத்துக்காரரிடம் கேளுங்கள். ஆற்று மணலில் தங்காதீர்கள். மேலே மண்மேடு, காய்ந்த மரம், தேங்காய் காய்த்த தென்னை இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். கடற்கரையில் என்றால் மரங்களுக்குப் பின்னால் தங்குங்கள். வந்த தடம் தெரியாமல் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

செலவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மோட்டார் சைக்கிளுக்கு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் டோல் கிடையாது. எண்ணெய், சாப்பாடு, இரண்டு இரவு விடுதி. ஐந்து நாளுக்கு இருவருக்கும் சேர்த்து எங்களுக்கு ஆனது எழுநூறு வெள்ளிக்கும் குறைவு.

இப்போது ஞாயிறு காலைகளில் நான் வண்டி ஓட்டப் பழகுகிறேன். பெட்டிகளில் அரிசி மூட்டையை வைத்துக் கட்டி, கணவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் வரை போய்த் திரும்புகிறோம். போன வாரம் ஒரு வளைவில் என் தோளில் ஒரு தட்டு விழுந்தது. மெதுவாகத்தானே போகிறோம் என்று எரிச்சலாக வந்தது. வேகத்தைக் குறைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை.